வாடிக்கையாளர் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் தயாராவது எப்படி

பில் போடும்போது கேட்டு வாங்கிய போன் நம்பர், வேலை கேட்டு வந்தவரின் பயோடேட்டா, அட்மிஷன் ஃபாரத்தோடு ஸ்கேன் செய்த ஆதார், நோயாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட். இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரிலோ ஊழியரின் போனிலோ இருந்தால், இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 உங்களையும் கட்டுப்படுத்தும். பத்துப் பேர் வேலை செய்யும் கிளினிக்குக்கும் பத்தாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனிக்கும் அடிப்படைக் கடமைகள் ஒன்றுதான். ஸ்டார்ட்அப் உள்ளிட்ட சில வகை நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்குத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வகைக்கு அப்படி அறிவிக்கை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை நமக்கும் பொருந்தும் என்றே வேலையைத் தொடங்குவது நல்லது.

2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். விதிகள் 2025 நவம்பர் நடுவில்தான் அரசிதழில் வெளியாயின. புகார்களை விசாரித்து அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய விதிகள் உடனே நடைமுறைக்கு வந்தன. ஒப்புதல் மேலாளர்களின் (மக்கள் தங்கள் ஒப்புதலைத் தரவும் திரும்பப் பெறவும் உதவும் இடைநிலை நிறுவனங்களின்) பதிவு பற்றிய விதிக்கு ஓராண்டு அவகாசம். நிறுவனங்களின் அன்றாடத்தைத் தொடும் மற்ற எல்லாவற்றுக்கும் 18 மாதம். கணக்குப் போட்டால் 2027 மே நடுப்பகுதி. தாராளமான அவகாசம்போலத் தெரியும். ஆனால் சாஃப்ட்வேர் மாற்றம், வெண்டர் ஒப்பந்தம், பழைய தகவலைக் களைவது என்று இறங்கினால் கால் பங்கு நேரம் பிறர் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

பெரும்பாலானோர் பிரைவசி பாலிசி எழுதுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதிய பாலிசி, நீங்கள் செய்யாததைச் செய்வதாகச் சொல்லும், செய்வதைச் சொல்லாமல் விடும். நாளை வாரியத்தின் முன்னால் உங்களுக்கு எதிராக நிற்கும் முதல் ஆவணம் அதுவாகவே இருக்கலாம். முதலில் வேண்டியது பட்டியல்.

எது எங்கே கிடக்கிறது

ஒரு எக்ஸெல் ஷீட் போதும். எட்டு பத்திகள்: என்ன தகவல், யாருடையது, எந்த வழியாக வந்தது, எதற்காக வாங்கினோம், எங்கே கிடக்கிறது, யார் யார் பார்க்க முடியும், வெளியே யாருக்குப் போகிறது, எப்போது அழிப்போம்.

ஐடி ஆளிடம் மட்டும் கேட்டு இதை நிரப்பினால் பாதிகூடத் தேறாது. அவருக்கு சர்வர் தெரியும். ரிசப்ஷனில் உள்ளவர் தன் சொந்த போனில் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப் தெரியாது. ஒரு வாடிக்கையாளரை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்து பாருங்கள். உள்ளே வந்ததும் பெயரை எங்கே எழுதுகிறார்? அதை யார் டைப் செய்கிறார்? பில் எந்த சாஃப்ட்வேரில் போகிறது? அந்த சாஃப்ட்வேர் எந்தக் கம்பெனியின் சர்வரில் ஓடுகிறது? ரிப்போர்ட்டை யார், எதன் வழியாக அனுப்புகிறார்? மாதக் கடைசியில் ஆடிட்டருக்கு என்ன போகிறது? பிறகு இதே போல ஓர் ஊழியரின் பின்னால், ஒரு வேலை விண்ணப்பதாரரின் பின்னால். மூன்று நடையில் தொண்ணூறு சதவீதம் வந்துவிடும்.

வழக்கமாகக் கண்ணில் படாமல் போகிறவை இவை: கூகுள் ஃபார்மில் என்றோ நடத்திய சர்வேயின் பதில்கள், வேலையை விட்டுப் போனவரின் மெயில்பாக்ஸ், விரல் ரேகை வைக்கும் அட்டென்டன்ஸ் கருவியின் மெமரி, சிசிடிவி ரெக்கார்டர், கால் ரெக்கார்டிங், ஜெராக்ஸ் மெஷினுக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க், மேலாளரின் டவுன்லோடு ஃபோல்டர். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். ‘கஸ்டமர் லிஸ்ட் ஃபைனல் 3’ என்ற பெயரில் ஒரு கோப்பு அங்கே கட்டாயம் இருக்கும்.

பேப்பரில் மட்டும் இருக்கும் பதிவேடு இந்தச் சட்டத்துக்குள் வராது. டிஜிட்டலாக மாறும் நிமிடத்தில் வந்துவிடும். விசிட்டர் நோட்டின் பக்கத்தைப் போனில் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பினாலே அது டிஜிட்டல் தரவு. உடல்நலம், விரல் ரேகை, வங்கி விவரம் போன்றவற்றுக்கு இந்தச் சட்டத்தில் தனி வகை கிடையாது. 2011ஆம் ஆண்டின் பழைய தகவல் தொழில்நுட்ப விதிகளில் இருந்த ‘நுண்மையான தகவல்’ (சென்சிடிவ், அதாவது கூடுதல் கவனம் வேண்டிய தகவல்) என்ற பிரிவு இங்கே இல்லை. ஆளை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் ஒரே தட்டில்தான்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் நம் வேலை நிற்குமா? நிற்காது என்றால் வாங்குவதை நிறுத்துங்கள், இருப்பதை அழித்துவிடுங்கள். பிறந்தநாள் வாழ்த்து அனுப்பப் பிறந்த ஆண்டு எதற்கு? டெலிவரிக்குத் தந்தை பெயர் எதற்கு? ஆதார் நகல் வாங்கியே தீர வேண்டிய இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று பாருங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ள முடியும். இப்படிக் களைந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அறிவிப்பு, ஒப்புதல், பாதுகாப்பு, அழிப்பு என நான்கு வேலை குறையும்.

எந்த உரிமையில் வைத்திருக்கிறோம்

தனிநபர் தகவலைக் கையாளச் சட்டம் இரண்டே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, ஒப்புதல். மற்றொன்று, பிரிவு 7 பட்டியலிடும் சில நியாயமான பயன்பாடுகள். ஐரோப்பியச் சட்டத்திலிருந்து காப்பியடித்த பாலிசிகளில் ‘எங்கள் நியாயமான வணிக நலனுக்காக’, ‘ஒப்பந்தத்தை நிறைவேற்ற’ என்ற வரிகள் வரும். அந்த இரண்டு வாசலும் இந்தியச் சட்டத்தில் இல்லை. உங்கள் பாலிசியில் அப்படி இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பிரிவு 7இல் சிறு நிறுவனத்துக்கு அதிகம் உதவுபவை மூன்று. முதலாவது, ஒருவர் ஒரு காரியத்துக்காகத் தானே முன்வந்து தகவல் தருவது. சட்டமே தரும் உதாரணம் மருந்துக்கடை: வாங்கியதற்கு ரசீதை போனுக்கு அனுப்பச் சொல்லி ஒருவர் நம்பர் தந்தால், ரசீது அனுப்ப அதைப் பயன்படுத்தலாம். அங்கேயே நின்றுவிட வேண்டும். அதே நம்பருக்கு மறுநாள் தள்ளுபடி விளம்பரம் அனுப்பினால் அது வேறு காரியம். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். கடைகள் அதிகம் சறுக்கப்போவது இங்கேதான். இரண்டாவது, வேலைவாய்ப்பு தொடர்பானவை: சம்பளம், வருகைப் பதிவு, ஊழியர் கேட்கும் சலுகை, நிறுவனத்தின் ரகசியம் கசியாமல் காப்பது. மூன்றாவது, சட்டப்படி அரசுக்குத் தர வேண்டிய தகவல், நீதிமன்ற உத்தரவு. இவை தவிர மருத்துவ அவசரம், தொற்றுநோய், பேரிடர் போன்ற சூழல்களும் உண்டு.

ஊழியர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வேலைவாய்ப்பு என்ற வார்த்தையை எல்லாவற்றுக்கும் போர்வையாக்க வேண்டாம். ஊழியரின் குடும்பப் படத்தைக் கம்பெனியின் இன்ஸ்டாகிராமில் போடுவது சம்பளம் போடுவதற்குத் தேவையான காரியம் அல்ல. வேலைக்குத் தேர்வாகாதவரின் பயோடேட்டாவை ‘பிறகு உதவும்’ என்று வைத்துக்கொள்வதும் அப்படியே. அடுத்த வாய்ப்புக்கும் அழைக்கலாமா என்று விண்ணப்பத்திலேயே ஒரு கட்டம் வையுங்கள். டிக் செய்யாதவருடையதைத் தேர்வு முடிந்தபின் அழிக்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அறிவிப்பு எழுதுவது

ஒப்புதல் கேட்கும்போதோ அதற்கு முன்போ அறிவிப்புத் தர வேண்டும். விதி 3 கேட்பது: வேறு ஆவணத்தைப் புரட்டாமல் தனியாகவே புரியும் எளிய மொழி, எந்தெந்தத் தகவல் என்ற விவரப் பட்டியல், ஒவ்வொன்றும் எதற்காக, அதனால் எந்தப் பொருளோ சேவையோ கிடைக்கும் என்ற விளக்கம், ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமைகளைக் கேட்கவும் வாரியத்திடம் புகார் செய்யவும் குறிப்பிட்ட இணைப்பு. ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்ற நாற்பது பக்கத்துக்குள் புதைத்த பத்தி இதற்கு ஆகாது.

ஒரு பல் மருத்துவமனைக்கு இப்படி எழுதலாம்:

“உங்கள் பெயர், வயது, போன் நம்பர், பல் எக்ஸ்ரே ஆகியவற்றைச் சிகிச்சை அளிக்கவும் அடுத்த சந்திப்பை நினைவூட்டவும் பதிவு செய்கிறோம். எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் எங்கள் மருத்துவர்களுக்கு மட்டும் தெரியும். பல் செட் செய்ய வேண்டியிருந்தால் அளவு மட்டும் உங்கள் பெயரில்லாமல் லேபுக்குப் போகும். நினைவூட்டல் வேண்டாம் என்றால், அல்லது உங்கள் பதிவைப் பார்க்க, திருத்த, நீக்கச் சொல்ல, இந்த இணைப்பைத் தொடுங்கள். எங்கள் பதில் திருப்தி தராவிட்டால் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் இந்த இணைப்பின் வழியாகப் புகார் செய்யலாம்.”

அறுபது சொல்கூட இல்லை. சுருக்கத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலோ படிக்கும் வாய்ப்பைத் தகவலுக்கு உரியவருக்குத் தர வேண்டும். அறுபது சொல்லை 22 மொழியில் பெயர்ப்பது ஒரு வாரச் செலவு. நாற்பது பக்கத்தைப் பெயர்ப்பது ஒரு தனித் திட்டம். பெயர்த்ததை அந்த மொழிக்காரர் ஒருவர் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். மெஷின் பெயர்ப்பில் ‘திரும்பப் பெறுதல்’ என்பது பணத்தைத் திரும்பப் பெறுவதாக மாறிய அறிவிப்பு ஒருவரையும் காப்பாற்றாது.

சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே ஒப்புதல் தந்த பழைய வாடிக்கையாளர்களுக்கும் இயன்ற விரைவில் அறிவிப்புப் போக வேண்டும். அவர்கள் மறுக்கும்வரை தொடரலாம். ஆனால் அந்தப் பழைய ஒப்புதல் உண்மையிலேயே இருந்ததா என்பதுதான் கேள்வி. விலைக்கு வாங்கிய லிஸ்ட், கண்காட்சியில் சீட்டுப் போட்டு எடுத்த நம்பர் எல்லாம் ஒப்புதல் கணக்கில் வராது. அவற்றை அழித்துவிடுவதே செலவு குறைந்த வழி.

ஒப்புதலும் அதன் சாட்சியும்

ஒப்புதல் தானாக முன்வந்து, குறிப்பிட்ட காரியத்துக்கு, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமில்லாமல், தெளிவான ஒரு செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும். முன்பே டிக் செய்து வைத்த கட்டம் இதில் தேறாது. ‘தளத்தைப் பயன்படுத்தினாலே ஒப்புக்கொண்டதாகும்’ என்பதும் தேறாது. காரியத்துக்குத் தேவையில்லாத தகவலுக்கு வாங்கிய ஒப்புதலும் செல்லாது: தொலைமருத்துவச் செயலி ஒன்று போனில் உள்ள தொடர்புப் பட்டியலைக் கேட்டு, பயனர் சரி என்றே சொல்லியிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது என்கிறது சட்டத்திலேயே உள்ள உதாரணம். வாரியத்திடம் புகார் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்குவதும் வீண்.

தகராறு வந்தால் முறையாக அறிவிப்புத் தந்து ஒப்புதல் வாங்கினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில். ஆகவே ஒவ்வொரு ஒப்புதலுக்கும் ஐந்து விஷயம் பதிவாக வேண்டும்: யார், எந்தக் காரியத்துக்கு, அறிவிப்பின் எந்தப் பதிப்பைப் பார்த்து, எந்தத் தேதி நேரத்தில், எந்த வழியில். இதில் ‘எந்தப் பதிப்பு’ என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அறிவிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் எண் கொடுத்துப் பழையதைச் சேமித்து வையுங்கள். இல்லாவிட்டால் 2027இல் ஒருவர் எதைப் படித்துச் சரி சொன்னார் என்று 2029இல் காட்ட முடியாது.

திரும்பப் பெறுவது, தந்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு சோதனை: ஒப்புதல் தர எத்தனை தட்டல், திரும்பப் பெற எத்தனை தட்டல் என்று எண்ணிப் பாருங்கள். தர ஒரு தட்டல், விலக ‘வேலை நாளில் காலை 10 முதல் 5 வரை அழையுங்கள்’ என்றால் அங்கே பிரச்சினை இருக்கிறது. விலகியவர் பெயர் உங்கள் மெசேஜ் அனுப்பும் வெண்டரின் பட்டியலிலிருந்தும் நீங்க வேண்டும். உங்கள் பக்கம் நீக்கிவிட்டு வெண்டர் பக்கம் விட்டுவிடுவதுதான் ‘வேண்டாம் என்று சொல்லியும் மெசேஜ் வருகிறது’ என்ற புகாரின் மூலகாரணம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே

இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 நிரம்பாதவர். பிளஸ் டூ மாணவரும் குழந்தைதான். பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும். நடத்தையைக் கண்காணிப்பதும் குழந்தையைக் குறிவைத்த விளம்பரமும் கூடாது. பெற்றோர் என்று சொல்பவர் உண்மையிலேயே வயது வந்தவரா என்பதை, ஏற்கெனவே உங்களிடம் உள்ள நம்பகமான அடையாள விவரத்தைக் கொண்டோ, அவரே தரும் விவரம் அல்லது டிஜிலாக்கர் போன்ற சேவை வழியாக வரும் மெய்நிகர் டோக்கனை (அடையாளத்தையும் வயதையும் உறுதி செய்யும் டிஜிட்டல் குறியை) கொண்டோ சரிபார்க்கலாம். குழந்தையே ‘நான் அப்பா’ என்று ஒரு கட்டத்தை டிக் செய்துவிட முடிகிற ஏற்பாடு சரிபார்ப்பு ஆகாது.

கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், குழந்தைக் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு விதிகளின் நான்காம் அட்டவணை விலக்குத் தருகிறது. ஆனால் அது எல்லையுள்ள விலக்கு. கல்வி நிறுவனத்துக்கு அது கல்விப் பணிக்கும் குழந்தையின் பாதுகாப்புக்கும் தேவையான அளவுக்கு மட்டும். வருகைப் பதிவு, மார்க் ஷீட், பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்பது எல்லாம் உள்ளே. தேர்வு முடிவு வந்த அன்று மாணவியின் படம், பெயர், மதிப்பெண்ணோடு ஃபேஸ்புக்கில் அட்மிஷன் விளம்பரம் போடுவதை அந்த எல்லைக்குள் இழுத்துவர முடியாது. பயிற்சி மையங்கள் அதற்கென்று பெற்றோரிடம் தனி ஒப்புதல் வாங்கட்டும். அட்மிஷன் ஃபாரத்தின் அடியில் பொடி எழுத்தில் சேர்த்து வாங்குவது தனி ஒப்புதல் அல்ல.

வெண்டர்கள்

பில்லிங் சாஃப்ட்வேர், மேகச் சேமிப்பு, எஸ்எம்எஸ் அனுப்புபவர், சம்பளக் கணக்குப் போடுபவர் ஆகியோர் உங்கள் சார்பில் தகவலைக் கையாள்பவர்கள். அவர்கள் தவறினாலும் சட்டத்தின் முன் பொறுப்பு உங்களுடையதே. ஒப்பந்தத்தில் எதை எழுதியும் அதைத் தள்ளிவிட முடியாது. முறையான ஒப்பந்தம் இல்லாமல் அவர்களிடம் தகவலைக் கொடுக்கவும் கூடாது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: நாங்கள் சொன்ன காரியத்துக்கு மட்டும், எங்களைக் கேட்காமல் வேறு வெண்டருக்குத் தரக்கூடாது, விதி 6 சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடுகள், கசிவு தெரிந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்ல வேண்டும், உறவு முடிந்தால் தகவலைத் திருப்பித் தந்து அழித்து, எழுத்தில் உறுதி தர வேண்டும். கசிவு அறிவிப்புக்கு 24 மணி நேரம் கேளுங்கள். ‘நியாயமான காலத்துக்குள்’ என்று எழுத விடாதீர்கள். ஏன் என்பது கசிவைப் பற்றிய பகுதியில் புரியும். பெரிய மேகச் சேவைக் கம்பெனிகள் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது. அவர்களே வைத்திருக்கும் தரவுக் கையாளுதல் ஒப்பந்தத்தை இறக்கி, இந்த ஐந்தும் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக் கோப்பில் வையுங்கள். சர்வர் வெளிநாட்டில் இருப்பது இப்போதைக்குத் தடையல்ல. அரசு குறிப்பிடும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. எந்தச் சேவையின் தகவல் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பட்டியலில் குறித்து வைத்தால், அப்படியொரு அறிவிக்கை வரும் அன்று தேடி அலைய வேண்டாம்.

பாதுகாப்பு

விதி 6 சொல்வதைச் சிறு அலுவலகத்தின் மொழியில் வைத்தால்: எல்லா லேப்டாப்பிலும் டிஸ்க் என்கிரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலைக் குறியாக்கி வைப்பது). ஆளுக்கொரு லாகின், கவுண்டரில் இருக்கும் மூன்று பேரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைவது நிறுத்தப்பட வேண்டும், ஏனென்றால் யார் பார்த்தார் என்ற பதிவே அப்போது பொய். மெயிலுக்கும் மேகச் சேமிப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. தினமும் பேக்கப்; அதில் ஒரு பிரதி நெட்வொர்க்கோடு இணையாமல் தனியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

யார் எப்போது நுழைந்தார் என்ற லாக் ஓராண்டுக்கு இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தெரியாமலே தவறுகிறார்கள்: சில சேவைகளில் லாக் ஆறு மாதத்திலோ அதற்கு முன்போ தானாக அழிந்துவிடும். ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் அந்த அமைப்பைத் திறந்து பாருங்கள். நீட்ட முடியாவிட்டால் மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து பூட்டி வையுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் லாகின் அவர் கடைசி நாளின் மாலையே மூடப்பட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் அவர் வெளியேற வேண்டும்.

பணத்தை எங்கே செலவிடுவது என்று குழம்பினால், இங்கே. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்குத்தான் சட்டத்தின் மிகப் பெரிய அபராதம்: 250 கோடி ரூபாய் வரை. கசிவைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி வரை, குழந்தைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி வரை, மற்ற பெரும்பாலானவற்றுக்கு 50 கோடி வரை. எல்லாமே ‘வரை’. தவறின் தன்மை, காலம், திரும்பத் திரும்ப நடந்ததா, பாதிப்பைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்பதை எல்லாம் எடைபோட்டுத்தான் வாரியம் தொகையை முடிவு செய்யும். 250 கோடி என்ற எண்ணைக் காட்டி ஆயத்த ஃபைல் விற்க வருபவரிடம், பட்டியலை யார் தயாரிப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கசிவு நடந்தால்

கசிவு என்றால் ஹேக்கர் மட்டுமல்ல. தவறான மெயில் முகவரிக்குப் போன சம்பளப் பட்டியல், பேருந்தில் தொலைந்த லேப்டாப், ரான்சம்வேரால் பூட்டப்பட்டு நீங்களே பார்க்க முடியாமல் போன பதிவுகள் எல்லாமே கசிவுதான். சிறிய கசிவு, பெரிய கசிவு என்ற வேறுபாடு கிடையாது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வாரியத்துக்கும் சொல்ல வேண்டும்.

மூன்று கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள். வாரியத்துக்குத் தாமதமின்றி முதல் தகவல்: என்ன நடந்தது, எப்போது, எங்கே, எவ்வளவு, என்ன பாதிப்பு வரலாம். பிறகு, தெரிந்த 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை: காரணமான சூழ்நிலை, எடுத்த நடவடிக்கை, யார் காரணம் என்று தெரியவந்தது, மறுபடி நடக்காமலிருக்க ஏற்பாடு, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொன்ன விவரம். பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியில் அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்பதும், கேட்க ஆளின் தொடர்பும் இருக்க வேண்டும். வெண்டர் ஒருவர் நிதானமாக ஐந்தாம் நாள் சொன்னால் இந்தக் கடிகாரங்களோடு மல்லுக்கட்ட நேரும். 24 மணி நேரத்தை ஒப்பந்தத்தில் கேட்டது அதற்காக.

இப்போதே செய்து வைக்க வேண்டியவை: முடிவெடுக்கும் இருவரின் பெயர், இரவு எண்ணோடு, மூன்று அறிவிப்புக்கும் காலியிடம் விட்ட வரைவு, மெயில் சர்வரே முடங்கினாலும் வாடிக்கையாளர் தொடர்புப் பட்டியல் கிடைக்கும் மாற்று இடம். கசிந்த கம்ப்யூட்டரை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். பதற்றத்தில் ஐடி ஆள் செய்யும் முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்; அறிக்கைக்குத் தேவையான தடயமும் அதோடு போய்விடும். நெட்வொர்க்கைத் துண்டித்து, இருந்தபடி வையுங்கள்.

கேட்டு வருபவர்களுக்குப் பதில்

என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். திருத்தச் சொல்லலாம், நீக்கச் சொல்லலாம். தான் இறந்தபின் இந்த உரிமையைக் கையாள ஒருவரை நியமிக்கலாம். பதில் சொல்லும் ஆளின் தொடர்பு விவரத்தை இணையதளத்திலோ செயலியிலோ போட வேண்டும். குறைகளுக்கு 90 நாளுக்குள் தீர்வு.

முதலில் நிறுவனத்திடம் முறையிட்டுப் பார்க்காமல் ஒருவர் வாரியத்துக்குப் போக முடியாது. ஆகவே இந்த ஒரு மெயில் முகவரிதான் உங்கள் வாசல் காவல். ஒழுங்காகப் பதில் வந்தால் பெரும்பாலான புகார்கள் அங்கேயே நின்றுவிடும். தனி ஒருவரின் பெயரில் அந்த முகவரியை வைக்காதீர்கள். அவர் விடுப்பில் போனால் 90 நாளும் அவரோடு போகும். பதில் அனுப்புமுன் கேட்பவர் அவர்தானா என்று உறுதி செய்யுங்கள், ஆனால் அதற்காகப் புதிதாக ஆதார் நகல் கேட்காதீர்கள். பதிவில் உள்ள நம்பருக்கு ஒரு ஓடிபி போதும்.

அழிப்பது

ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டாலோ காரியம் முடிந்தாலோ அழிக்க வேண்டும். ஆனால் வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டு. ஜிஎஸ்டி கணக்குகள், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். இதற்கு மேல், தகவலும் அதைக் கையாண்ட லாகும் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்கிறது விதி 8. ஆகவே நீக்கச் சொன்ன அன்றே எல்லாவற்றையும் துடைத்துவிடுவதும் தவறாகலாம்.

நடைமுறையில் இரண்டு கட்டமாகச் செய்வது சரிப்படும். கோரிக்கை வந்ததும் அன்றாடம் பயன்படும் பட்டியல், விளம்பரப் பட்டியல், வெண்டர் பட்டியல் எல்லாவற்றிலிருந்தும் பெயரை எடுத்துவிடுங்கள். சட்டம் கேட்கும் பில், லாக் ஆகியவற்றை இருவருக்கு மட்டும் திறக்கும் தனி இடத்தில் பூட்டி, அழிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். கேட்டவருக்கு எதை நீக்கினோம், எதை எந்தச் சட்டத்துக்காக எப்போது வரை வைத்திருக்கிறோம் என்று எழுதுங்கள். மூன்றாண்டு பயன்படுத்தாத கணக்கை 48 மணி நேர முன்னறிவிப்போடு அழிக்கும் விதி பெரியவர்களுக்கானது: 2 கோடி பயனருக்கு மேல் உள்ள மின்வணிக, சமூக ஊடகத் தளங்கள், 50 லட்சத்துக்கு மேல் உள்ள ஆன்லைன் விளையாட்டுத் தளங்கள்.

பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஆளைத் தோண்டி எடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம். அதற்குப் பதில் பேக்கப் எத்தனை நாள் சுழற்சியில் அழிகிறது என்பதை நிர்ணயித்து, மீட்க நேர்ந்தால் நீக்கியவர்களின் பட்டியலை ஓட்டி மறுபடி நீக்கும் ஒரு படியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் போகும் பழைய லேப்டாப்பும் போனும் வெறும் ஃபார்மட்டோடு கடைக்குப் போகக்கூடாது. என்கிரிப்ஷன் இல்லாத ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாதாரண மென்பொருளால் கோப்புகளை மீட்க முடியும். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுங்கள். என்ன அழிந்தது, எந்தத் தேதி, யார் கையால் என்று மூன்று பத்தியில் ஒரு பதிவேடு. அதில் ஆட்களின் பெயரை எழுதாமல் பதிவு எண்ணை மட்டும் எழுதுங்கள்.